வண்டி ஆல்பர்ட்டோவுடையது!

ஆட்டோவின் முதுகு, காலேஜ் பையனின் டி-ஷர்ட், சலூன் கடைச் சுவர், கபடிக் குழுவின் பேனர்... தமிழ்நாட்டில் சே குவேராவின் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள் ஊர் சுற்றிவிட்டு வருவது கஷ்டம். அவர் இளைஞராக இருந்தபோது மோட்டார் சைக்கிளில் தென் அமெரிக்காவைச் சுற்றினார் என்பதும் நிறைய பேருக்குத் தெரியும். புத்தகம் வந்திருக்கிறது, படமும் வந்துவிட்டது.

அந்த மோட்டார் சைக்கிள் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் விழிப்பார்கள்.

அது ஆல்பர்ட்டோ கிரனாடோவுடையது. 1939-ம் வருட நார்ட்டன், 500 சிசி, ஒற்றை சிலிண்டர். ‘லா பொடெரோசா 2’ என்று பெயர் வைத்திருந்தார். ஸ்பானிஷ் மொழியில் ‘வல்லமை மிக்கவள்’ என்று அர்த்தம். அப்படியென்றால் முதல் பொடெரோசா எங்கே என்கிறீர்களா? அது அவர் சிறு வயதில் மிதித்த சைக்கிள்! சைக்கிளுக்கே பெயர் வைக்கிற ஆள் தன் மோட்டார் சைக்கிளை எப்படி வைத்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வண்டியைத்தான் ஆண்டிஸ் மலைக் காட்டுப்பாதையில் நண்பனின் கையில் கொடுத்தார். அதுவும் ஆஸ்துமாக்கார நண்பன்.

இருவருக்கும் பழக்கம் வந்தது ரக்பியால். எர்னெஸ்டோ குவேரா (அப்போது அவர் ‘சே’ இல்லை, அந்தப் பெயர் பிறகு மத்திய அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டது) கைக்குழந்தையாக இருந்தபோதே ஆஸ்துமா வந்துவிட்டது. அவருக்கு ஒத்துக்கொள்ளும் காற்றைத் தேடித்தான் குடும்பமே அர்ஜென்டினாவின் கோர்டோபா மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஊரில் எஸ்டுடியாண்டெஸ் என்ற ரக்பி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர் கிரனாடோ. ஆறு வயது மூத்தவர், ஆனால் குள்ளம். ‘பெட்டிசோ’, அதாவது ‘குட்டையன்’ என்றே நண்பர்கள் கூப்பிடுவார்கள்.

மூச்சிரைக்கும் ஒல்லிப் பையன் ரக்பி ஆட வந்து நின்றால் எந்தக் கோச்சுக்கும் யோசனையாகத்தான் இருக்கும். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே துடைப்பக் கழியை வைத்து, அதன் மேல் பாய்ந்து தோள்பட்டையில் விழச் சொன்னார் கிரனாடோ. பையன் பாய்ந்தான். எழுந்து மறுபடி பாய்ந்தான். அப்புறமும் பாய்ந்தான். ‘போதும்’ என்று கோச்தான் நிறுத்த வேண்டியிருந்தது. அதன் பிறகு ஆட்டத்தின் நடுவே ஓடி வந்து இன்ஹேலரை இழுத்துவிட்டு மறுபடி மைதானத்துக்குள் ஓடுவது எர்னெஸ்டோவின் வழக்கமாகிவிட்டது. ‘ஆவேச செர்னா’ என்று பொருள்படும் ஸ்பானிஷ் வார்த்தைகளைச் சுருக்கி ‘ஃபூசர்’ என்று அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. செர்னா, தாய்வழிக் குடும்பப் பெயர். கிரனாடோவுக்கு ‘மியால்’. ‘என் ஆல்பர்ட்டோ’ என்று அவர் பாட்டி கொஞ்சியதிலிருந்து வந்தது.

1943-ல் மாணவர் போராட்டத்தில் கிரனாடோ சிறைக்குப் போனார். அவருடைய தம்பி தோமாஸும் எர்னெஸ்டோவும் பார்க்கப் போவார்கள். ‘வெளியே ஊர்வலம் நடத்துங்களேன்’ என்று கிரனாடோ கேட்டபோது, ‘கையில் துப்பாக்கி இல்லாமல் போய் அடிவாங்க நான் தயாரில்லை’ என்கிற மாதிரி பதில் சொன்னவர் எர்னெஸ்டோ. வயது பதினைந்து!

பிறகு பாதைகள் பிரிந்தன. கிரனாடோ உயிர்வேதியியல் படித்து, வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோ டெல் சாஞார் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். எர்னெஸ்டோ பியூனஸ் அயர்ஸில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1950-ல் சைக்கிளில் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு வட அர்ஜென்டினாவைச் சுற்றியவர், வழியில் அந்த மருத்துவமனைக்கும் போய் நண்பருடன் தங்கிவிட்டு வந்தார். ஊர் சுற்றும் வியாதி அவருக்கும் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1951 அக்டோபர். கோர்டோபாவில் கிரனாடோ வீட்டுத் திராட்சைப் பந்தலின் கீழ் இருவரும் மாத்தே குடித்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு டீ போல அர்ஜென்டினாக்காரர்களுக்கு மாத்தே. பேச்சு எங்கெங்கோ போய் வட அமெரிக்காவில் வந்து நின்றது. எப்படிப் போவது? பொடெரோசா இருக்கிறதே!

பெரிய பெரிய பயணங்கள் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. டீ ஆறிய பிறகும் அதே பேச்சு தொடர்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இவர்களுக்குத் தொடர்ந்தது.

அம்மாவிடம் கொடுத்த வாக்கு

எர்னெஸ்டோவுக்குப் படிப்பு முடியவில்லை, இன்னும் சில தேர்வுகள் பாக்கி. கிரனாடோ வேலையை விட்டுவிட்டார். வழியனுப்பும்போது எர்னெஸ்டோவின் அம்மா செலியா, கிரனாடோவிடம்தான் பேசினார். நீ பெரியவன், இவனைத் திரும்பக் கூட்டி வந்து பட்டம் வாங்க வைக்க வேண்டியது உன் பொறுப்பு என்கிற மாதிரி. எந்த ஊர் அம்மாவும் மகனின் நண்பனிடம் சொல்கிற அதே பேச்சு. இருபத்தொன்பது வயதில், நண்பனின் உடம்பு, படிப்பு இரண்டுக்கும் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிரனாடோ வண்டியை உதைத்தார்.

1951 டிசம்பர் 29 அன்று கோர்டோபாவிலிருந்து புறப்பட்டு, 1952 ஜனவரி 4 அன்று பியூனஸ் அயர்ஸை விட்டுக் கிளம்பினார்கள். கூடாரம், படுக்கை, இறைச்சி சுடும் கம்பி வலை, துப்பாக்கி ஒன்று, இவற்றோடு ஒரு நாய்க்குட்டியும்! ‘கம்பேக்’ என்று பெயர். மிராமார் என்ற கடற்கரை ஊரில் விடுமுறைக்கு வந்திருந்த காதலி சிச்சினாவுக்குப் பரிசாகக் கொடுக்க எர்னெஸ்டோ எடுத்து வந்தது. அங்கே இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். எட்டு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் கிரனாடோ காத்திருந்தார். காதலிக்கிற நண்பனோடு டூர் போனவர்களுக்கு அந்த எட்டு நாள் எப்படி இருந்திருக்கும் என்று புரியும்.

தார் ரோடு முடிந்ததும் நிஜமான பயணம் தொடங்கியது. பாஹியா பிளாங்காவைத் தாண்டியதும் மணல் மேடுகள். பாரம் ஏற்றிய பழைய நார்ட்டன் மணலில் என்ன செய்யும்? முன் சக்கரம் புதையும், பின் சக்கரம் சறுக்கும், ஆள் ஒரு பக்கம் மூட்டை ஒரு பக்கம். ஓட்டியது எர்னெஸ்டோ. திரும்பத் திரும்ப விழுந்தார்கள். ஒரு தடவை வண்டிக்கடியில் கால் மாட்டி, சூடான சிலிண்டரில் பட்டு வெந்துவிட்டது. அந்தப் புண் ஆற நாளானது.

அடுத்து சோயெலே சோயெல் என்ற ஊர். எர்னெஸ்டோவுக்குக் கடும் காய்ச்சல். பெனிசிலின் ஊசி, சில நாள் ஆஸ்பத்திரிப் படுக்கை. புறப்பட்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்தக் கட்டிலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்! பலர் இந்த இடத்தில் ‘போதும்டா சாமி’ என்று வண்டியைத் திருப்பியிருப்பார்கள். இவர்கள் ஆண்டிஸ் பக்கம் திருப்பினார்கள்.

கம்பி போட்டுக் கட்டிய வண்டி

படகோனியாவின் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. தடுப்பதற்கு மரமில்லாத வறண்ட சமவெளியில் மேற்கிலிருந்து நாள் முழுக்க அடிக்கும். நேராகப் போக வேண்டுமென்றாலும் வண்டியைச் சாய்த்தே ஓட்ட வேண்டும். சாலை என்பது கொட்டிவிட்ட சரளைக்கல். அங்கே அதற்கு ‘ரிப்பியோ’ என்று பெயர். இன்றைக்கும் அந்தப் பக்கம் பைக்கில் போகிறவர்கள் அந்த வார்த்தையை மரியாதையோடுதான் உச்சரிக்கிறார்கள். லடாக் பக்கம் போய் வந்த நம்மூர்ப் பையன்கள் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரே வித்தியாசம், அவர்களிடம் இருப்பது இன்றைய வண்டியும் ஜிபிஎஸ்ஸும். இவர்களிடம் இருந்தது பதின்மூன்று வயதான நார்ட்டன்.

பியேத்ரா டெல் ஆகிலாவை நெருங்கும்போது வண்டியின் சட்டமே உடைந்தது. வெல்டிங் வைக்க ஊர் வர வேண்டுமே? அதுவரை கம்பிதான். வேலி கட்டும் சாதாரண இரும்புக் கம்பி. எது உடைந்தாலும் கம்பி, எது கழன்றாலும் கம்பி. நட்டு போல்ட்டைவிடக் கம்பியின் மேல்தான் எர்னெஸ்டோவுக்கு நம்பிக்கை. வண்டிக்குச் சொந்தக்காரர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நம் வீட்டு ஸ்கூட்டரின் கண்ணாடியை யாராவது உடைத்துவிட்டு செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தாலே ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.

அதன் பிறகு நிலம் மாறியது. சான் மார்ட்டின் டெ லோஸ் ஆண்டிஸ் பக்கம் பனி மூடிய லானின் எரிமலை, அடர்ந்த காடு, ஒன்றன் பின் ஒன்றாக ஏரிகள். மலைப்பாதையில் ஏறி இறங்கி, இருட்டிய இடத்தில் கூடாரம் அடித்து, கிடைத்ததைச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். கூடாரம் அடிக்க முடியாத இரவுகளில் பண்ணை வீடுகளின் கொட்டகை.

அப்படி ஒரு கொட்டகையில்தான் அந்தச் சம்பவம். இந்தப் பக்கம் பூமா வரும், ஆளையும் அடிக்கும் என்று யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். நடு இரவில் கதவைப் பிறாண்டும் சத்தம். இருட்டில் இரண்டு கண்கள். எர்னெஸ்டோ துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால், அது அந்த வீட்டுக்காரர்கள் செல்லமாக வளர்த்த பாபி என்கிற நாய். இதைப் படிக்கும்போது நிறைய பேர் சிரித்துவிடுகிறார்கள். இடம் கொடுத்த வீட்டுக்காரர்களை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

பாரிலோச்சேயில் இன்னொரு அடி. சிச்சினாவின் கடிதம் காத்திருந்தது. உறவு முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மலை அடிவாரத்தில், கையில் காகிதத்தோடு நிற்கிற இருபத்து மூன்று வயதுப் பையன். அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார் என்பதே பெரிய விஷயம்தான்.

அங்கிருந்து எல்லை தாண்டிச் சிலிக்கு ஏரிகள் வழியே போக வேண்டும். படகுக் கட்டணத்துக்கு வழி? படகின் அடியில் சேரும் தண்ணீரைப் பம்ப் அடித்து வெளியேற்றும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். சுற்றுலாப் பயணிகள் மேலே நின்று மலைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே இரண்டு பேர் மாறி மாறிப் பம்ப் அடித்துக் கரை சேர்ந்தார்கள்.

சிலியில் இறங்கியபோது பொடெரோசா பாதி உயிரோடு இருந்தது. தெமுக்கோ நகரில் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்களைப் பிடித்து, ‘அர்ஜென்டினாவின் தொழுநோய் நிபுணர்கள் இருவர் மோட்டார் சைக்கிளில் கண்டத்தைச் சுற்றுகிறார்கள்’ என்று செய்தி வர வைத்தார்கள். ஒருவர் உண்மையிலேயே அந்தத் துறைக்காரர், இன்னொருவர் படிப்பு முடிக்காதவர். ஆனால், பேப்பரில் படம் வந்துவிட்டதே! அந்தச் செய்தியைக் காட்டியதும் மெக்கானிக் கடையிலும் மரியாதை கூடியது.

மெக்கானிக் கடைக்கு ஏன் போனார்கள் என்றால், லௌதாரோ அருகே கியர் பாக்ஸ் உடைந்துவிட்டது. அதைச் சரிசெய்து புறப்பட்டால், மலையிறக்கத்தில் பிரேக் போனது. ஓட்டிக்கொண்டிருந்தது எர்னெஸ்டோ. பிரேக் பிடிக்கவில்லை என்பது பின்னால் உட்கார்ந்திருந்த கிரனாடோவுக்குத் தெரியவே தெரியாது. எதிரே சாலை நிறைய மாடுகள்! கிடைத்த இடுக்கில் புகுந்து, கடைசி மாட்டின் காலில் உரசிக்கொண்டு, சாலையோர மேட்டில் வண்டியை ஏற்றி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் கொண்டுபோய்ச் சொருகினார் எர்னெஸ்டோ. இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பின் சீட்டில் உட்காருவது என்பது கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் கையில் உயிரைக் கொடுப்பது. அதுவும் சொந்த வண்டியின் பின் சீட்டில்.

இந்தக் கட்டத்துக்கு மேல் வண்டி மலை ஏற மறுத்தது. லோஸ் ஆஞ்செலெஸ் என்ற ஊர் வரை லாரி. (அமெரிக்காவில் இருப்பது வேறு, இது சிலியில்.) அங்கே தங்கியது தீயணைப்பு நிலையத்தில். தங்கியதற்குக் கைம்மாறாகத் தீ அணைக்கவும் கூடவே ஓடினார்கள். எரிகிற வீட்டிலிருந்து ஒரு பூனையைக் காப்பாற்றினார் கிரனாடோ. நாயைச் சுட்ட கணக்கைப் பூனையில் நேர் செய்தார்களோ என்னவோ!

பிறகு இன்னொரு லாரியில் ஏற்றி சாந்தியாகோ. தலைநகரில் ஒரு கராஜில் பொடெரோசாவை விட்டுவிட்டு இருவரும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இரண்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை அந்த வண்டி. உலகமே ‘மோட்டார் சைக்கிள் பயணம்’ என்று சொல்கிற அந்த நீண்ட பயணத்தின் பெரும்பகுதி லாரியிலும் கப்பலிலும் தெப்பத்திலும் கால்நடையாகவும் நடந்ததுதான்.

வண்டி போனதும் சண்டை வந்திருக்க எல்லா நியாயமும் இருந்தது. ஓட்டியவன் சரியில்லை என்று ஒருவர் சொல்லலாம், பழைய வண்டியைக் கொண்டுவந்தாய் என்று இன்னொருவர் சொல்லலாம். வழியில் வாய்ச்சண்டை போடாமல் இல்லை. ஆனால், சாந்தியாகோவில் யாரும் ஊருக்குத் திரும்பவில்லை.

திரும்பியிருந்தால் சுக்கிகமாட்டா தாமிரச் சுரங்கத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். கொள்கைக்காகச் சிறை சென்று வந்த ஒரு தொழிலாளியும் அவர் மனைவியும் பாலைவனக் குளிரில் போர்வைகூட இல்லாமல் நடுங்குவதைப் பார்த்து, தங்களிடமிருந்த இரண்டு கம்பளியில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மற்றொன்றுக்குள் இருவரும் சுருண்டுகொண்டார்கள். மாச்சு பிச்சு இடிபாடுகள், பெருவின் சான் பாப்லோ தொழுநோய்க் குடியிருப்பு, அங்கே நோயாளிகளோடு கால்பந்து என்று நாள்கள் ஓடின. புறப்படும்போது அங்கிருந்தவர்கள் ஒரு தெப்பம் கட்டிக் கொடுத்தார்கள். ‘மாம்போ-தாங்கோ’ என்று அதற்குப் பெயர். அமேசான் ஆற்றில் அதில் மிதந்து கொலம்பியா போய், கடைசியில் வெனிசுவேலாவின் காரகாஸ்.

1952 ஜூலை. காரகாஸ் அருகே ஒரு தொழுநோய் மருத்துவமனையில் கிரனாடோவுக்கு வேலை கிடைத்தது. எர்னெஸ்டோவும் கூடவே இருந்திருக்கலாம். ஆனால், செலியா அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று பாக்கி இருந்ததே. எர்னெஸ்டோ விமானம் ஏறினார். பந்தயக் குதிரைகளை ஏற்றிச் செல்லும் சரக்கு விமானம் அது. மயாமியில் பழுதாகி ஒரு மாதம் நின்று, ஆகஸ்ட் கடைசியில் வீடு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு டாக்டர் பட்டம் வாங்கினார்.

கிரனாடோ சொன்னதைச் செய்துவிட்டார். வண்டி போனால் போகட்டும், பையன் வந்துவிட்டான்.

அதற்குப் பிறகு எர்னெஸ்டோ ‘சே’ ஆனதும், கியூபப் புரட்சியும் வேறு கதை. எட்டு வருஷம் கழித்து, 1960-ல், கிரனாடோ ஹவானாவுக்குப் போய் நண்பரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு மனைவி டெலியா, குழந்தைகளோடு கியூபாவுக்கே குடிவந்துவிட்டார். சாந்தியாகோ டெ கூபா நகரில் மருத்துவக் கல்லூரி தொடங்குவதில் பங்கெடுத்தார், பாடம் நடத்தினார், ஆராய்ச்சி செய்தார். சே துப்பாக்கியோடு காங்கோவுக்கும் பொலிவியாவுக்கும் போனார். 1967 அக்டோபரில் பொலிவியாவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39. இந்த முறை கூடவே போய் பத்திரமாகக் கூட்டி வர கிரனாடோ இல்லை.

அந்தப் பயணத்தில் இருவருமே நாட்குறிப்பு எழுதினார்கள். 2004-ல் இயக்குநர் வால்ட்டர் சாலெஸ் எடுத்த ‘தி மோட்டார் சைக்கிள் டைரீஸ்’ படம் அந்த இரண்டு குறிப்புகளையும் வைத்து உருவானது. கிரனாடோவாக நடித்த ரோட்ரிகோ டெ லா செர்னா, சே-வுக்குத் தூரத்து உறவினர் என்பது ஒரு வேடிக்கை. எண்பது வயதைத் தாண்டிய நிஜ கிரனாடோ படப்பிடிப்புக்கு வந்திருந்தார். படம் முடியும்போது, வானத்தில் போகும் விமானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு வயதானவரின் முகம் வருமே, அது நடிகரல்ல. அவரேதான். அடுத்த முறை படம் பார்ப்பவர்கள் அவசரப்பட்டு நிறுத்திவிட வேண்டாம்.

நம்மூர் ஆட்டோக்களில் இருக்கும் அந்தப் பிரபலமான புகைப்படத்தை கோர்டா எடுத்தது 1960 மார்ச் 5 அன்று. கிரனாடோ ஹவானாவில் இறந்ததும் ஒரு மார்ச் 5 அன்றுதான். 2011-ல், 88 வயதில். தன் சாம்பலை அர்ஜென்டினா, கியூபா, வெனிசுவேலா மூன்று நாடுகளிலும் தூவ வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்.